வயலினில் சுருதி சேர வாசிக்க: வில் பிடிப்பதிலிருந்து விரல் பதிப்பது வரை

வயலின் கற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "நீங்கள் ஒரு தந்தியில் வாசிக்கும்போது பக்கத்துத் தந்தி அசைவதைப் பார்த்திருக்கிறீர்களா?" சில ஆண்டுகளாக வாசிப்பவர்கள்கூடப் பெரும்பாலும் இல்லை என்பார்கள்.

இப்போதே செய்து பாருங்கள். ஜி, டி, ஏ, இ என்று சேர்த்த வயலினில், ஏ தந்தியின் மீது மூன்றாம் விரலை (ஆள்காட்டி விரலே முதல் விரல்) டி ஸ்வரத்தில் வையுங்கள். வில்லை நீளமாக, நிதானமாக இழுங்கள். விரல் சரியான இடத்தில் இருந்தால், யாரும் தொடாத டி தந்தி தானாக நடுங்கும். மெல்லிய கோடாக இருந்த தந்தி ஓரங்கள் மங்கி நாடா போல அகன்று தெரியும். விரலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள். நடுக்கம் பெரிதும் அடங்கிவிடும். ஒலியும் போர்வைக்குள் போனது போல மங்கும். பிறகு மறுபடி பழைய இடத்துக்கு வாருங்கள். கருவி முழுவதும் விழித்துக்கொள்வது காதுக்கும் தெரியும், தாடைக்கும் தெரியும்.

வீணையைப் போலவோ கிட்டாரைப் போலவோ வயலினுக்கு மெட்டுகள் கிடையாது. ஆனால் வழிகாட்டியே இல்லை என்று நினைப்பது தவறு. சுருதி சேர்த்த நான்கு தந்திகளும் நாம் வைக்கும் ஒவ்வொரு விரலையும் ஆமோதிக்கின்றன, அல்லது மறுக்கின்றன. அதைக் கேட்கப் பழகுவதுதான் சுருதி சேர வாசிப்பதன் அடிப்படை. வில் பிடிப்பு, உட்காரும் முறை, இடக்கையின் வடிவம் எல்லாம் அந்த ஆமோதிப்பைத் தெளிவாகக் கேட்க நாம் செய்துகொள்ளும் ஏற்பாடுகள்.

கருவியைச் சரிபார்த்தல்

கருவியில் கோளாறு இருந்தால் எந்தப் பயிற்சியும் பயன் தராது. தந்திகளைத் தாங்கும் மரப்பாலமான குதிரை நிமிர்ந்து நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். தந்தியை முறுக்கும்போதெல்லாம் அதன் மேல்முனை விரல்பலகைப் பக்கம் சாய்ந்துகொண்டே வரும். கவனிக்காவிட்டால் ஒருநாள் வளைந்துவிடும் அல்லது விழுந்துவிடும். தந்தியை முறுக்கும் திருகுகளான பிருடைகள் வழுக்கினால், திருகும்போது உள்நோக்கிச் சற்று அழுத்தியபடியே திருகுங்கள். தந்திகள் பழையவையாகி, ஒரே விரலால் அடுத்தடுத்த தந்திகளில் எடுக்கும் பஞ்சமங்கள்கூட ஒன்றோடொன்று சேராமல் போனால், குற்றம் உங்கள் விரலில் இல்லை. தந்தியை மாற்றுங்கள்.

குழந்தைகளுக்கு அளவு முக்கியம். இடக்கையை நீட்டி வயலினைக் கழுத்தில் வைத்தால், அதன் தலைச்சுருள் உள்ளங்கைக்குள் வசதியாக அடங்க வேண்டும். அடுத்த ஆண்டும் பயன்படும் என்று பெரிதாக வாங்கிக் கொடுப்பது அந்தக் குழந்தையின் நான்காம் விரலுக்குச் செய்யும் அநியாயம்.

தந்திகளைச் சேர்த்தல்

மேற்கத்திய முறையில் ஏ தந்தியை 440 ஹெர்ட்ஸுக்கு வைத்து, மற்றவற்றை அதிலிருந்து பஞ்சம இடைவெளியில், அதாவது ச முதல் ப வரையிலான இடைவெளியில், சேர்ப்பார்கள். கர்நாடக இசையில் ச, ப, ச, ப என்று சேர்ப்பார்கள். ஷட்ஜத்தின் உயரம் பாடுபவரைப் பொறுத்து மாறும். எந்த முறையானாலும் எப்போதும் சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் தந்தி சிறிது நேரத்தில் மேலும் இறங்கிவிடும்.

சுருதியை அளந்து காட்டும் டியூனரைப் பார்த்து நான்கு தந்திகளையும் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஏ தந்தியை மட்டும் அதில் பாருங்கள். பிறகு டி, ஏ இரண்டையும் ஒரே வில்லில் சேர்த்து இழுங்கள். சுருதி விலகியிருந்தால் ஒலி சீராக இருக்காது; ஊஞ்சல் போல ஏறி இறங்கும் ஓர் அலை கேட்கும். சரியான இடத்தை நோக்கித் திருகத் திருக அலை மெதுவாகும். அது முற்றிலும் அடங்கும் இடத்தில் இரண்டு தந்திகளும் ஒரே கருவியாகி ஒலிக்கும். டியூனர் காட்டும் டி 293.66 ஹெர்ட்ஸ், தூய பஞ்சமத்தில் கிடைக்கும் டி 293.33. வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் டியூனர் சொன்னபடி வைத்தால் நொடிக்கு ஓர் அலை தெளிவாகக் கேட்கும். அந்த அலையைக் கேட்கத் தெரிந்த காது பாதிப் பாடத்தைக் கற்றுவிட்டது. ஆகவே தந்தி சேர்ப்பதை வாசிப்புக்கு முந்தைய சில்லறை வேலையாக எண்ணாமல் அன்றாடப் பயிற்சியின் முதல் ஐந்து நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஆசிரியரோ பெற்றோரோ சேர்த்துக் கொடுத்தாலும், பக்கத்தில் நிற்கவைத்து, "அலை நின்றுவிட்டதா?" என்று அவர்களையே கேட்க வேண்டும்.

உட்காருவதும் பிடிப்பதும்

நின்று வாசிப்பவர்கள் வயலினை இடத் தோளெலும்பின் மீது வைத்து, தாடையின் எடையை மெல்ல அதன் மீது விடுவார்கள். தரையில் அமர்ந்து வாசிப்பவர்கள் தலைச்சுருளை வலக் கணுக்கால் அருகே ஊன்றி, மறுமுனையை இடத் தோளுக்கும் மார்புக்கும் இடையே சாய்ப்பார்கள். இரண்டு முறைக்கும் சோதனை ஒன்றுதான்: இடக்கை கருவியைத் தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டிருக்கிறதா? தாங்கிக்கொண்டிருக்கும் கையின் விரல்கள் சுதந்திரமாக விழாது. வயலினை வைத்துக்கொண்டு இடக்கையை எடுத்துத் தொங்கவிடுங்கள். கருவி நழுவாமல் நின்றால் சரி. நழுவுகிறது என்பதற்காகத் தாடையை இறுக்கவோ தோளை உயர்த்தவோ வேண்டாம். தாடைத் தாங்கியின் உயரத்தையோ உட்காரும் கோணத்தையோ மாற்றுங்கள். கழுத்து நீளமானவர்களுக்கும் குட்டையானவர்களுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது.

வலி வந்தால் நிறுத்துங்கள். வலியோடு வாசித்துப் பழகியவர்கள் பின்னால் அதை மறந்து வாசிக்கப் படும் பாடு கொஞ்சமல்ல.

வில்

சுருதியைப் பற்றிய கட்டுரையில் வில்லுக்கு ஏன் இத்தனை இடம் என்று தோன்றலாம். வில் தடுமாறினால் விரல் சரியாக இருக்கிறதா என்று உங்களால் தீர்மானிக்கவே முடியாது. கீச்சிடும் ஒலிக்குச் சுருதி கிடையாது. மேலும், வில்லை அளவுக்கு மீறி அழுத்தினால், விரல் அசையாமலே சுருதி சற்று இறங்கிவிடும். விரலில் பிழை தேடிக்கொண்டிருப்போம். பிழை வலக்கையில் இருக்கும்.

வில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கை தானாகவே புரிந்துகொள்ளும். ரோசின் என்னும் பிசின் பூசிய வில்லின் முடி தந்தியைப் பற்றி இழுக்கும். ஓர் எல்லைக்கு மேல் தந்தி வழுக்கி விடுபடும். உடனே முடி மறுபடியும் பற்றும். ஏ தந்தியில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த அசைவைக் கண்டு விளக்கினார். பற்றுவதற்கு எடை வேண்டும், விடுவிப்பதற்கு வேகம் வேண்டும். இரண்டும் பொருந்தும்போது ஒலி தெளியும். எடை மிகுந்தால் நொறுங்கும், வேகம் மிகுந்தால் காற்றடைத்தது போல இருக்கும். குதிரைக்கு அருகே போகப் போக அதிக எடையும் குறைந்த வேகமும் தேவை. விரல்பலகையை நோக்கி வர வர இது தலைகீழாகும்.

பிடிக்கும் முறை: கட்டைவிரல் வெளிப்புறம் சற்று வளைந்து, வில்லின் அடிக்கட்டைக்கு (கையால் பிடிக்கும் முனையில் உள்ள கட்டை) அருகே குச்சியைத் தொட வேண்டும். நடுவிரல் அதற்கு எதிரே. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு குச்சியின் மீது சாய்ந்திருக்கும். எடையைக் கொடுப்பது அதுதான். சுண்டுவிரல் வளைந்து, நுனி மட்டும் குச்சியின் மேல் நிற்கும். வில்லின் அடிப்பகுதியில் வாசிக்கும்போது அதுதான் எடையைத் தாங்கித் தூக்கும். கட்டைவிரல் நீண்டு விறைத்திருந்தால் கை முழுவதும் விறைக்கும். அதனால் வாசிப்பை நடுநடுவே நிறுத்திக் கட்டைவிரலைப் பாருங்கள்.

பிறகு திறந்த தந்தியில் நீண்ட வில். ஒரு கண்ணாடி முன்னால், வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று பார்த்தபடி, நான்கு நொடிக்கு ஒரு வில். அது சீரானதும் எட்டு நொடி, பிறகு பன்னிரண்டு. நுனியை நெருங்கும்போது ஒலி மெலியும். அங்கே ஆள்காட்டி விரலின் எடையைச் சற்றுக் கூட்டுங்கள். வில் திரும்பும் இடத்தில் விரல்களை இறுக்காதீர்கள். பத்து நிமிடம் இதை மட்டும் செய்வது சலிப்பாகத் தோன்றும். ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு வர்ணத்துக்கோ கீர்த்தனைக்கோ போன மாணவர்கள் எல்லோரும் பின்னால் இங்கேயே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்துங்கள். முறுக்கும்போது குச்சிக்கும் முடிக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும். முடியை விரலால் தொடாதீர்கள். தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் தந்தி பிடிபடாது.

இடக்கையின் வடிவம்

நகங்களை ஒட்ட வெட்டுங்கள். மணிக்கட்டு நேராக, வயலினின் கழுத்தை உள்ளங்கையால் பிடிக்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியும் இருபுறமும் லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். விரல் அதன் அடி மூட்டிலிருந்து வளைந்து, நுனியால் தந்தியில் விழ வேண்டும். தட்டையாக விழுந்தால் நுனியின் எந்தப் பகுதி தந்தியைத் தொடுகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும், சுருதியும் மாறும்.

எவ்வளவு அழுத்த வேண்டும்? வில்லைச் சீராக இழுத்தபடி, விரலைத் தந்தியின் மீது இறகு போல வையுங்கள். சீழ்க்கை போன்றோ கரகரவென்றோ ஏதோ ஒலிக்கும். மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஸ்வரம் தெளியும் கணத்தில் நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை, பெரும்பாலானவர்கள் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்துகிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. முழு அளவு வயலினில், விரல்பலகையின் தலைமேட்டிலிருந்து (பிருடைப் பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு மேடு) குதிரை வரை தந்தியின் நீளம் ஏறக்குறைய 328 மில்லிமீட்டர். திறந்த தந்தியிலிருந்து ஒரு முழு ஸ்வரம் மேலே போக, அதில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 36 மில்லிமீட்டர் தள்ளி விரல் வைக்க வேண்டும். அடுத்த முழு ஸ்வரத்துக்கு ஏறக்குறைய 32 போதும். மேலே போகப் போக இடைவெளி சுருங்கும். தந்தியின் நடுவில், மேல் ஷட்ஜம் கிடைக்கும் இடத்தில், எல்லா இடைவெளிகளும் சரிபாதி ஆகிவிடும். கீழே மூன்று மில்லிமீட்டர் பிழை எவ்வளவு கேட்குமோ, அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் பிழை அவ்வளவு கேட்கும்.

ஆகவே விரல்களைத் தனித்தனி இடங்களாக நினைவில் வைக்காமல், அவற்றுக்கு இடையிலான உறவாக நினைவில் வையுங்கள். திறந்த தந்தியை ஷட்ஜமாகக் கொண்டு சங்கராபரணம் வாசித்தால், ரிஷபத்துக்கு முதல் விரல், காந்தாரத்துக்கு இரண்டாவது, மத்தியமத்துக்கு மூன்றாவது. காந்தாரமும் மத்தியமமும் அரை ஸ்வர இடைவெளி. அந்த இரண்டு விரல்களும் ஒட்டி நிற்கும். மற்றவை விலகி நிற்கும். ராகம் மாறினால் ஒட்டும் விரல்கள் மாறும். வாசிக்கும் முன்பே "எந்த இரண்டு விரல்கள் ஒட்டுகின்றன?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் விரல் எப்போதும் எட்டாமல் சுருதி இறங்குகிறதா? கையை முதல் விரலை வைத்து அமைத்துக்கொண்டு நான்காவதை நீட்டுவதுதான் காரணம். நான்காம் விரலை அதன் இடத்தில் வசதியாக வையுங்கள். பிறகு மற்ற விரல்களைப் பின்னோக்கித் திறந்து வையுங்கள். கையின் சட்டகம் அப்போதுதான் சரியாக அமையும். மேற்கத்திய முறையில் சேர்த்த வயலினில் டி தந்தியில் முதல் விரலும் ஏ தந்தியில் நான்காம் விரலும் ஒரே ஸ்வரத்தின் கீழ், மேல் ஸ்தாயிகள். இரண்டையும் சேர்த்து வாசித்துச் சட்டகத்தைச் சரிபாருங்கள்.

கற்கும் முதல் வாரங்களில் விரல்பலகையில் ஒட்டும் சிறு பட்டைகளை நான் எதிர்க்கவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு எடுத்துவிடுங்கள். வாசிப்பவரின் கண் விரல்பலகையைச் சாய்வாகத்தான் பார்க்கிறது. அங்கிருந்து பார்த்துச் சரியாக வைத்த விரல் இரண்டு மில்லிமீட்டர் தவறாக இருக்கலாம். அதைவிடப் பெரிய தீமை, கண் வேலை செய்யும்போது காது ஓய்ந்துவிடுகிறது.

சுருதிப் பயிற்சி: கேள், வை, சரிபார்

தம்பூராவையோ சுருதிப் பெட்டியையோ ஒலிக்கவிடுங்கள். வாசிக்கப்போகும் ஸ்வரத்தை முதலில் மனதில் கேளுங்கள். முடிந்தால் வாய்விட்டுப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்று கூச வேண்டாம். பாட முடியாத ஸ்வரத்தை விரலால் தேட முடியாது. பிறகு விரலை வையுங்கள். வில்லை இழுங்கள்.

தவறாக இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். விரலை இழுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவார்கள், ஒலி சரியாகிவிடும், அடுத்த ஸ்வரத்துக்குப் போவார்கள். நானும் நீண்ட காலம் அப்படித்தான் செய்தேன். அந்தக் காலத்தில் என் விரல் கற்றது சரியான இடத்தை அல்ல. முதலில் தவறி, பிறகு நகர்ந்து சரிசெய்யும் பழக்கத்தை. வேகமான சங்கதிகளில் நகர நேரம் இருக்காது, தவறு மட்டும் மிஞ்சும். இதை உணர்ந்த பிறகு முறையை மாற்றினேன். தவறினால் வில்லை நிறுத்துங்கள். ஸ்வரம் ஏறியிருந்ததா, இறங்கியிருந்ததா என்று சொல்லுங்கள். விரலைத் தூக்குங்கள். முந்தைய ஸ்வரத்துக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து வையுங்கள். நேராகச் சரியான இடத்தில் மூன்று முறை தொடர்ந்து விழும் வரை அங்கேயே இருங்கள்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை இதற்குப் பொருத்தமானவை. முதல் காலத்தில், ஒரு ஸ்வரத்துக்கு ஒரு முழு வில். ஷட்ஜமும் பஞ்சமமும் வரும் இடங்களில் திறந்த தந்திகள் நடுங்குகின்றனவா என்று பாருங்கள். மேல் பஞ்சமத் தந்தியில் மூன்றாம் விரலில் வரும் தார ஷட்ஜம், பக்கத்தில் இருக்கும் மத்திய ஷட்ஜத் தந்தியை எழுப்பும். கீழ்ப் பஞ்சமத் தந்தியில் அதே விரலில் வரும் ஷட்ஜம், திறந்த ஷட்ஜத் தந்தியோடு இம்மி பிசகாமல் ஒன்றாக வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்து அலை அடங்குகிறதா என்று கேளுங்கள். இந்த ஸ்வரங்கள் தூண்கள். தூண்கள் நின்றுவிட்டால் நடுவில் உள்ள ரிஷபம், காந்தாரம், தைவதம் ஆகியவற்றுக்கு இடம் தெளிவாகும்.

ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு இடங்கள்

இதை ஒருமுறையாவது உங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். மேற்கத்திய முறையில் தூய பஞ்சமங்களாகச் சேர்த்த வயலினில், டி தந்தியில் முதல் விரலை இ ஸ்வரத்தில் வையுங்கள். மேலே இருக்கும் திறந்த ஏ தந்தியோடு சேர்த்து இழுத்து, அலை முற்றிலும் அடங்கும் வரை விரலைச் சரிசெய்யுங்கள். இப்போது அந்த விரலை அசைக்காமல், கீழே இருக்கும் திறந்த ஜி தந்தியோடு சேர்த்து இழுங்கள். கரகரக்கும். ஜி தந்தியோடு இனிமையாகச் சேர, விரலை ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும். உங்கள் கையில் பிழையில்லை, கணக்கே அப்படித்தான். இரண்டு இடங்களுக்கும் உள்ள விகிதம் 81க்கு 80.

சுருதி சேர்வது என்பது எதனோடு சேர்வது என்பதைப் பொறுத்தது. தம்பூராவோடு வாசிக்கும்போது ஆதார ஷட்ஜம் தீர்மானிக்கிறது. பியானோவோடு வாசிக்கும்போது பியானோவின் சமப் பகிர்வு, அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரிக்கும் முறை, தீர்மானிக்கிறது. டியூனரின் முள் அந்த ஒரே பகிர்வை மட்டும் அறியும். உங்கள் அந்தர காந்தாரம் தம்பூராவோடு அருமையாகக் கலந்து ஒலிக்கும்போது அது சிவப்பு காட்டலாம். காதை நம்புங்கள். இத்தாலிய வயலின் கலைஞர் தர்தினி 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஓர் அடையாளம் சொன்னார்: இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து உரக்க வாசிக்கும்போது, அவை சரியாகச் சேர்ந்தால், இரண்டுக்கும் கீழே யாரும் வாசிக்காத மூன்றாவது ஸ்வரம் ஒன்று மெலிதாக முனகும். முதலில் கேட்காது, ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு விடாது.

இடம் மாறுதல், கமகம், அதிர்வு

கையை மேலே நகர்த்தும்போது கட்டைவிரலும் கூடவே போகட்டும். நகரும் முன் விரலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள்; தந்தியைத் தொட்டபடியே வழுக்கிப் போய், சேர்ந்த இடத்தில் மட்டும் அழுத்துங்கள். போகும் முன் சேரும் ஸ்வரத்தை மனதில் கேட்டாக வேண்டும். கேட்காமல் தாவுவது இருட்டில் படி இறங்குவது போன்றது.

கமகத்தில் விரல் எங்கிருந்து எங்கே அசைகிறது என்பது திட்டமான விஷயம். இரண்டு முனைகளையும் அசைவில்லாமல் தனித்தனியாக வாசித்துச் சுருதி சேர்த்த பிறகு, மெதுவாக இணையுங்கள். மேற்கத்திய அதிர்வுக்கும் (விரலை லேசாக ஆட்டி ஸ்வரத்தை அசைக்கும் வைப்ராட்டோ) இதே நியாயம்தான். அசைவில்லாத ஸ்வரம் சேராதவர்கள் அதன் மீது அதிர்வைப் பூசினால் பிழை மறையாது, தடித்துப் போகும். எனவே முதல் ஆண்டில் இதற்கு அவசரப்பட வேண்டாம்.

ஒரு நாளின் பயிற்சி

நாற்பது நிமிடம் இருந்தால் ஐந்து நிமிடம் தந்தி சேர்க்கவும், பத்து நிமிடம் திறந்த தந்தியில் நீண்ட வில்லுக்கும், பதினைந்து நிமிடம் சுருதியோடு வரிசைகளுக்கும், மீதியை வாசிக்கும் உருப்படிக்கும் ஒதுக்குங்கள். உருப்படியில் தவறும் இடத்தை மட்டும் தனியே எடுத்து, கேள், வை, சரிபார் என்று மூன்று ஸ்வரங்களாக உடைத்து வாசியுங்கள். வாரம் ஒருமுறை பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத பிழைகள் அப்போது பளிச்சென்று தெரியும். காதும் களைக்கும், சேர்ந்ததா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல் தடுமாறத் தொடங்கினால் வயலினைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து முதலில் சொன்னதை மறுபடி செய்து பாருங்கள். இம்முறை கண்களை மூடிக்கொண்டு, பக்கத்துத் தந்தியை எழுப்பும் அந்த ஸ்வரத்தை மனதில் பாடி, மூன்றாம் விரலை ஒரே முறையில் வைத்து வில்லை இழுங்கள். பிறகு கண்ணைத் திறந்து பக்கத்துத் தந்தியைப் பாருங்கள்.